மூன்றாவது ஓலை

எங்கள் கோயிலில் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடம் உண்டு. வருடக்கணக்காக அதில் ஒரே அம்மாள்தான் உட்கார்கிறாள். தெரியாமல் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள், உட்கார்ந்தவர் எழுந்துவிடுவார். எனக்கு மாமியாராக வந்திருக்க வேண்டியவள். ஞாயிறுதோறும் அவள் கண்ணில் நான் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு ஆராதனையில்கூட அவளை நிம்மதியாக உட்காரவிடக் கூடாது என்பதற்காகத்தான் பாடகர் குழுவில் சேர்ந்தேன். ஆண்டவரைத் துதிக்கச் சேர்ந்தேன் என்று எழுதினால் அது பொய்.

விருதுநகரில் எங்கள் சபையில் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஞாயிறு, ஆராதனையின் நடுவில், மாப்பிள்ளை பெண் இருவர் பெயரையும் பெற்றோர் பெயரோடு சேர்த்து ஐயர் சபைக்கு முன் வாசிப்பார். போதகரைத்தான் நாங்கள் ஐயர் என்போம். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டு, கொஞ்சம் நிறுத்துவார். யாரும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் பெண்ணின் தோழிகள் அவள் இடுப்பில் இடிப்பார்கள், அவள் தலையைக் குனிந்துகொள்வாள், ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்.

எனக்கு இரண்டு ஓலை வாசித்தார்கள். இரண்டு முறையும் நானும் இடி வாங்கினேன்.

அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் வேலை பார்த்தார். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களைக் கட்டுக் கட்டாக வெட்டித் தள்ளுவதுதான் அவர் வேலை. என் கல்யாணப் பத்திரிகையையும் அவரே நின்று வெட்டினார். ஓரத்தில் ஒரு பிசிறு இருக்காது. சீசன் நேரத்தில் லீவு தரமாட்டார்கள் என்று தெரிந்தும் சண்டை போட்டு லீவு வாங்கி, ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைத்தார். இரண்டாவது ஓலை வாசித்த அந்த வாரம், ஆமத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பத்திரிகை வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பையில் மிச்சப் பத்திரிகைகள் இருந்தன.

அடக்கம் முடிந்த பிறகு வந்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போனேன். மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. துக்கத்துக்காகத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள் என்று நன்றியாகக்கூட இருந்தது. அந்த நன்றியை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த அம்மாள் வீட்டுக்கு வந்தாள். ஜெபக் குழுவில் இரண்டு பெண்களைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தாள். மூவரும் முக்காடு போட்டு, கண்ணை மூடி, என் அம்மாவுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். ஆமென் சொன்ன வாயை மூடவில்லை, விஷயத்துக்கு வந்தாள்.

"நாங்க உபவாசம் இருந்து ஜெபிச்சோம். இந்தச் சம்பந்தம் தனக்குச் சித்தமில்லைன்னு ஆண்டவர் வெளிப்படுத்திட்டார். நாம என்ன செய்ய முடியும், சொல்லுங்க. அவர் வேணாங்கிற பிள்ளைய நாங்க எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

அம்மா அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். கோயில்காரர்கள் ஆண்டவர் பெயரைச் சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. நான் காபி கொண்டுவந்து வைத்தேன். காபியையும் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அவள் வெளியே சொன்னது வேறு என்பது ஒரு வாரத்துக்குள் என் காதுக்கு வந்துவிட்டது. பத்திரிகை வைக்கப் போன அப்பனையே எடுத்துக்கிட்ட பொண்ணு, அவ வர்ற நேரம் சரியில்ல, என் மகனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்று காய்கறிக் கடையில் நின்று சொல்லியிருக்கிறாள். ராசி பார்க்கக் கூடாது, நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கக் கூடாது, அதெல்லாம் அவிசுவாசம் என்று பெண்கள் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவள் இவள்தான். ராசி பார்த்ததை வெளியில் சொல்ல வெட்கம். அதனால் அதை எடுத்து ஆண்டவர் தலையில் வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளையை அவர் என்றுதான் எழுத நினைத்தேன், கை வரவில்லை. அவன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வடக்கே போய் ஆர்டர் பிடிக்கிற வேலையில் இருந்தான். ஊர் ஊராகப் போய் வியாபாரிகளிடம் வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேச வரவில்லை. உனக்காக ஜெபிக்கிறேன் என்று போனில் ஒரு வரி அனுப்பினான். கூடவே கும்பிடும் கைகள் படம். நம்பரை அழித்தேன். அதுவே அவனுக்கு நான் செய்த மரியாதை.

மனுஷன் வேண்டாம் என்றால் தாங்கிக்கொள்ளலாம். நாலு நாள் அழுது, அஞ்சாவது நாள் அவனைத் திட்டி, எழுந்துவிடலாம். ஆண்டவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றால் எங்கே போவது? எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? ராத்திரி ஜெபத்தில் அம்மா பக்கத்தில் முழங்கால் போடுவேன், உதடு அசையும், உள்ளே ஒன்றும் ஓடாது. என்னைத் தள்ளியவரிடம் எனக்கு என்ன பேச்சு? அப்பா செத்ததுகூட என் குற்றமோ என்று தோன்ற ஆரம்பித்தது. தினம் சிவகாசிக்கு வேலைக்குப் போகும் பஸ் ஆமத்தூர் நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுவேன் என்று அந்த அம்மாள் எதிர்பார்த்திருப்பாள். எத்தனையோ பெண்கள் அப்படித்தான் வேறு சபை தேடிப் போனார்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்தது, அவள்மேல் இருந்த வயிற்றெரிச்சலில்தான் மாறியது. எங்கள் கோயிலில் பாடகர் குழு பீடத்துக்குப் பக்கத்தில் சபையைப் பார்த்து உட்காரும். முதல் வரிசையில் இடது ஓரம் உட்கார்ந்தால் மின்விசிறிக்குக் கீழே இருப்பவளுக்கும் எனக்கும் நடுவில் பூச்சாடிதான். சனிக்கிழமை பயிற்சிக்குப் போய் நின்றேன். பாட்டு மாஸ்டர் ஒரு வரி பாடச் சொன்னார். பாடினேன். "இம்புட்டுக் குரலை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். அது குரல் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு முதல் அவளைப் பார்த்தேதான் பாடினேன். எதிரி, சத்துரு, பொய் நாக்கு என்று வரும் பாட்டாக இருந்தால் எனக்குக் கொண்டாட்டம். அந்தச் சொல் வரும்போது அவள் முகத்தில் கண்ணை நாட்டி வைத்துக்கொள்வேன். அவள் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்வாள். சில வாரத்தில் கண்ணாடியை மாற்றினாள், பார்வைக் கோளாறு என்று சொன்னாளாம். எனக்கு அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு ருசித்தது.

நான் சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் எங்கள் தீக்காய வார்டில் கட்டில் காலியாக இருக்காது. அப்படி ஒரு சீசனில் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்து சேர்ந்தாள். பட்டாசுக் குழாய்க்குள் மருந்து அடைக்கிற வேலை. இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தது. கட்டுப் பிரிக்கும்போது வார்டே நடுங்கும்படி கத்துவாள். ஒருநாள் அவளைத் திசைதிருப்ப, வாய்க்கு வந்த கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தேன். கத்தல் குறைந்தது. மறுநாள் முதல் அதுவே வழக்கமாயிற்று. நான் பாட, அவள் பல்லைக் கடித்துக் கேட்க, கட்டு பிரியும்.

ஒருநாள் பாட்டின் நடுவில் கேட்டாள்.

"ஏன் தாயி, ஒங்க சாமி ஒன்னைய வேணாம்னு சொல்லிருச்சாமே? வார்டு ஆயா சொன்னா. பெறகு எதுக்கு அதுக்கே பாட்டுப் படிக்கிற?"

கத்தரிக்கோலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் நேராகக் கேட்காத கேள்வி. பதில் யோசிக்கவில்லை, தானாக வந்தது.

"அவரு சொல்லலக்கா. ஒரு பொம்பள சொன்னா."

"அப்பச் சரி. படி," என்று அடுத்த கையை நீட்டினாள்.

அவளுக்கு விஷயம் அத்தோடு முடிந்துபோனது. நான் மிச்சக் கட்டை அவசரமாக மாற்றி முடித்தேன். பஞ்சும் துணிச்சுருளும் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் சொல்லவில்லை. இவ்வளவுதான் விஷயம். அவர் வாயைத் திறக்கவே இல்லை, அந்த அம்மாளாகச் சொல்லிக்கொண்டாள், நானும் பைத்தியக்காரி மாதிரி நம்பி அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த அறையில் நின்று மறுபடி பேசினேன். முதல் வார்த்தை ஸ்தோத்திரம் இல்லை, சண்டைதான். உங்க பேரைச் சொல்லி ஒருத்தி என்னை வெட்டிப்போட்டாளே, நீங்க ஏன் சும்மா இருந்தீங்க என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்கிற இடத்தில் ஆள் இருந்தது எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் பஸ் ஆமத்தூரில் நின்றபோது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்த இடத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்பா போன இடத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த ஞாயிறு பாட்டு முடிந்து உட்காரும்போதுதான் கவனித்தேன்: அந்த அம்மாள் பக்கம் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. எனக்கே எரிச்சலாகிவிட்டது. பழிவாங்கவென்று மெனக்கெட்டுப் பிடித்த இடம்; அங்கே வந்து நான் பாட்டுக்குச் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்?

சந்தோஷம் வந்தால் கோபம் ஓடிப்போகும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு ஓடவில்லை. முன்பு எனக்காக மட்டும் கோபப்பட்டேன், இப்போது ஆண்டவருக்காகவும் சேர்த்துக் கோபப்பட்டேன். அவர் பேரைக் கெடுத்திருக்கிறாளே. பரமண்டல ஜெபம் சொல்லும்போது மன்னிப்பைப் பற்றி வரும் அந்த வரியில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். பொய் சொல்ல வேண்டாமே என்றுதான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் ஓலை நின்றுபோன அதே இடத்தில், அதே சபைக்கு முன்னால், அவர் என்னைத் தள்ளவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். யாரும் சொல்லப்போவதில்லை என்றும் தெரியும்.

இந்த நிலையில்தான் அவனுக்கு வேறு இடத்தில் முடிவாகி, முதல் ஓலை வாசித்தார்கள். பெண் சாத்தூர், பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஐயர் வாசித்து முடித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்று நிறுத்தியபோது கோயிலே என்னைப் பார்த்தது. அந்த அம்மாளும் பார்த்தாள், புதுக் கண்ணாடி வழியாக. அந்த நொடியில் என் வேலை என்ன என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மூன்றாவது ஓலை வரட்டும். எனக்கு எது கிடைக்கவில்லையோ அந்த ஓலையில் எழுந்து நிற்பேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்துச் சீட்டுக்காரி நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அம்மாவிடம் சொன்னது தப்பாகப் போயிற்று.

"கோயில்ல வச்சு மானத்தை வாங்காதத்தா," என்றாள்.

"யாரு மானம்மா? நம்மகிட்டதான் அது இல்லையே, அவுகதான் காபி குடிச்சிட்டு எடுத்துட்டுப் போயிட்டாகளே."

அம்மா போய் எதிர்வீட்டு அக்காவிடம் அழுதிருக்கிறாள். எதிர்வீட்டு அக்காவிடம் அழுவது மைக் வைத்து அழுவதற்குச் சமம்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அறிவிப்பு நேரம் வந்தது. ஐயர் அசன விருந்துக்கு அரிசி கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்னார், வாலிபர் கூட்டம் அறிவித்தார், காணிக்கைப் பாட்டுக்குப் போய்விட்டார். ஓலை வாசிக்கவே இல்லை. கோயில் முழுக்கக் குசுகுசுவென்று ஒரு சத்தம். பின்னால் இருந்த பாடகி என் தோளைத் தொட்டு, "பாத்தியாக்கா, ஆண்டவர் கேட்டுட்டார்," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நின்றுபோச்சு, அந்த அம்மாளுக்கும் நின்றுபோச்சு என்று உள்ளே ஒரு குத்தாட்டமே நடந்தது.

ஆராதனை முடிந்ததும் மணி அடிக்கும் கோயில்பிள்ளை வந்து குட்டை உடைத்தார். "நிக்கவெல்லாம் இல்லம்மா. விடியக்காலை ஆராதனையில வாசிச்சாச்சு. பத்துக் கெழடுகதான் இருந்தாக, அதுல பாதி தூக்கம். நீங்க எந்திரிச்சு ஏதோ பேசப் போறீகன்னு அந்தம்மா ஐயர்கிட்ட கெஞ்சுனாக." பாடகர் குழு விடியற்கால ஆராதனைக்குப் போவதில்லை. எனக்குப் பயந்துபோய், எனக்குத் தெரியாமல், ஒளித்து வாசித்திருக்கிறார்கள். ஆத்திரம் ஒரு பக்கம். என்னைக் கண்டு நடுங்கியிருக்கிறாளே என்ற குளுமை ஒரு பக்கம்.

ஆனால் பெரிய ஆராதனைக்கு வந்த அத்தனை பேரும் கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் வீட்டுக்குப் போனார்கள். செய்தி அன்றைக்கே சாத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் டியூட்டியில் என்னோடு இருந்த நர்ஸ் சாத்தூர்க்காரி, அந்தப் பெண் வீட்டுத் தெருதான்.

"ஒங்க கோயில்ல மூணாவது ஓலையில நிப்பாட்டிட்டாகளாம்ல? வாசிச்சாச்சுன்னு அவுக போன்ல சொன்னாகளாம், யாரு நம்புறா? பொண்ணுகிட்ட என்ன கொறையோன்னு தெருவே பேசுது. அந்தப் பிள்ள நேத்துலேருந்து சாப்பிடாம கெடக்கு," என்றாள்.

பொண்ணுகிட்ட என்ன குறையோ. பையன் பக்கம் யாருக்கும் கேள்வியே வராது. ஒளித்து வாசித்தது அந்த அம்மாள், பட்டினி கிடப்பது அந்தப் பெண். நான் சும்மா இருந்தாலே போதும், கல்யாணம் தானாக முறிந்துவிடும், அந்த அம்மாள் வெந்து சாவாள். அன்று மத்தியானம் வரைக்கும் சும்மா இருக்கத்தான் நினைத்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தேன், சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் கட்டிலில் எப்படிச் சுருண்டிருப்பாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், ஆண்டவரிடம் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்கு அத்தனையும் தெரியும்.

சாயங்காலம் நேராகப் போதகர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்காகப் போனேன் என்று எழுதினால் நல்ல பெயர் கிடைக்கும். பாதிதான் உண்மை. நான் நிற்க வேண்டிய இடத்தைத் திருடிவிட்டார்களே என்ற ஆத்திரம் மற்றப் பாதி.

"ஐயா, அந்த ஓலையை வர்ற ஞாயிறு பெரிய ஆராதனையில வாசிங்க. எல்லாரும் கேக்கணும்."

ஐயர் நல்லவர்தான், கொஞ்சம் பயந்தவர். மேசைமேல் இருந்த பேனாவை உருட்டினார். "வாசிக்கிறேம்மா. நீங்க ஒண்ணும் பேச மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுங்க."

"குடுக்க மாட்டேங்கய்யா. நீங்க வாசிங்க. தடை இருக்கான்னு கேளுங்க. கேட்டா பதில் சொல்ல சபைக்கு உரிமை உண்டுல்ல?"

"அந்தம்மா சம்மதிக்கணுமே."

"சாத்தூர்ல அந்தப் பிள்ளைய என்ன பேசுறாகன்னு அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. சம்மதிப்பாக."

சம்மதித்தாள். வேறு வழி இல்லை. பெண் வீட்டார் நேரில் கேட்டால்தான் நம்புவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த ஞாயிறு சாத்தூரிலிருந்து வண்டி பிடித்து வந்து நடுவில் ஒரு பெஞ்சை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணை அன்றுதான் பார்த்தேன். சின்னப் பெண். கண் வீங்கியிருந்தது. ஆண்கள் பக்கம் அவன் உட்கார்ந்து தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் அந்த அம்மாள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஐயர் வாசித்தார். அவர் குரல் அன்று ஏனோ கீச்சென்று இருந்தது. இது மூன்றாம் முறை என்றார். தடை ஏதும் தெரிந்தால் இப்போது சொல்லலாம் என்றார். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தாளைத் திருப்பப் போனார்.

நான் எழுந்து நின்றேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையைத்தான் முதலில் பார்த்தேன். உயிரே போகிற மாதிரி பார்த்தாள்.

"தடை இல்லைங்கய்யா," என்றேன். "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு கொறையும் இல்ல. போன வாரமே வாசிச்சாச்சு, காலையில. அது நல்லா இருக்கட்டும்."

அந்தப் பெண்ணின் அம்மா மகளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். உட்காரும்படி ஐயர் கையைக் காட்டினார். உட்காரவில்லை.

"என்னோட மூணாவது ஓலை இங்க வாசிக்கலங்கய்யா. ஏன் வாசிக்கலன்னு இந்த இடத்துல யாரும் சொல்லல. ஆண்டவர் என்னைய வேணாம்னு சொல்லிட்டதா எங்க வீட்டுக்கு வந்து சொன்னாக. ஆண்டவர் சொல்லல. வேணாம்னு சொன்னது முதல் பெஞ்சுல இருக்காகளே, அவுக. அவுக மகனுக்கு நான் வேணாம்னு சொல்ல அவுகளுக்கு உரிமை இருக்கு. அதை அவுக பேர்லயே சொல்லியிருக்கலாம். அவரு பேர்ல சொல்லியிருக்கக் கூடாது. அவரு என்னைய ஒருநாளும் வேணாம்னு சொன்னதில்ல."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பட்டதைப் படவில்லை என்று சொல்லமாட்டேன். அதற்கும் மேலே இன்னொரு சந்தோஷம் இருந்தது. அது அவளைப் பற்றியதே இல்லை. பின் பெஞ்சில் என் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள், ஏன் நிற்கிறாள் என்று அவளுக்கே தெரியாமல்.

ஐயர் தொண்டையைச் சரி செய்துகொண்டார். "சொல்லி முடிச்சிட்டீகளாம்மா?" என்றார், மெதுவாக.

"முடிச்சிட்டேங்கய்யா," என்றேன். "இனிப் பாடலாம்."